கிரகம் கிரகமாக மன்னிப்பு

அவர் முதன்முதலாக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது, இன்னும் நடக்காத ஒரு காரியத்துக்கு மன்னிப்புக் கேட்பதற்காக. தொண்ணூறுகளின் தொடக்கம். கல்கத்தாவில், லேக் கார்டன்ஸில் எங்களுக்கு நேர் மேல்மாடிக்கு அவர்கள் குடிவந்த அன்று, சாமான்கள்கூட முழுதாக ஏறி முடியவில்லை. அதற்குள் நூல் கட்டிய சந்தேஷ் மிட்டாய்ப் பெட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, செருப்பை ஓரமாக ஜோடி சேர்த்துக் கழற்றிவிட்டு நின்றார்.

“எம்மா, நமக்கு ஒரு பையன் இருக்கான். பந்து தட்டுவான். உங்க தலைக்கு மேலதான் தட்டுவான். நீங்க மன்னிச்சுக்கிடணும்.”

“இன்னும் தட்டவே இல்லையே சார்?”

“தட்டுவாம்மா.”

அன்று சாயங்காலமே தட்டினான். என் கணவர் வங்கியிலிருந்து வந்ததும் அண்ணாந்து பார்த்தார். நான் பெட்டியைத் திறந்து நீட்டினேன். “கோபப்படுறதுக்கு முன்னாடியே சமாதானமா?” என்று கேட்டுக்கொண்டே இரண்டு எடுத்துப் போட்டுக்கொண்டார். அதன்பின் அந்தப் பந்தைப் பற்றி வாய் திறக்க எங்களுக்கு வழியே இல்லாமல் போயிற்று.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால், அதற்கும் யாரிடமாவது போய் மன்னிப்புக் கேட்டாலும் கேட்பார். எல்லோருக்கும் அவர் ‘சார்’. கார்டன் ரீச்சில் ரயில்வே அலுவலகத்தில் வேலை, திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு, அரைக்கைச் சட்டை. யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவார், எந்த நேரமும் எழுந்திருக்கச் சொல்லிவிடுவார்கள் என்பதுபோல. அவருடைய வங்காளத்தில் மன்னிப்புக்கு வேண்டிய சொற்கள் மட்டும் பிழையில்லாமல் இருந்தன. மற்றபடி வெண்டைக்காய் வாங்குவதற்குக்கூடக் கையைக் காட்டுவார். முனையில் இருந்த மிட்டாய்க் கடைக்காரர் அவர் தலையைக் கண்டதுமே, “இன்னிக்கு யார் வீட்டுக்கு, தாதா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டபடி நூலை எடுத்துவிடுவார்.

பையனுக்கு முரளி என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒரே பிள்ளை. கெட்டவன் என்று சொல்ல முடியாது, ஆனால் அவன் தொட்டது எதுவும் சும்மா இருக்காது.

இலந்தைப் பழ விவகாரத்தைச் சொன்னால் புரியும். நம் ஊரில் சரஸ்வதி பூஜை நவராத்திரியோடு வந்துவிடும். கல்கத்தாவில் அது குளிர் முடியும்போது தனியாக வரும். அது வரும்வரை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இலந்தைப் பழத்தை, அங்கே அதற்கு ‘குல்’ என்று பெயர், வாயில் வைக்கக்கூடாது. முதல் பழம் தேவிக்கு. அதற்குமுன் தின்றால் படிப்பு ஏறாது, பரீட்சையில் கோட்டைவிட வேண்டியதுதான். தமிழ் வீட்டுக்கு இது எங்கே தெரியும்? முரளி சந்தைக்குப் போனவன் ஒரு பை நிறைய இலந்தைப் பழம் வாங்கி வந்து, தெருப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிக் கொடுத்தான். பூஜைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. பிள்ளைகளுக்கு விதி தெரியும். இருந்தாலும் மிளகாய்ப்பொடி வாசனை ஆளை விடுமா? தின்றுவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாக அழ ஆரம்பித்தன. இரண்டாம் வகுப்பில் இருந்த என் மகளும் தின்றவள்தான். “அம்மா, ஷொரொஷ்ஷோதி பூஜோக்கு முன்னாடி குல் சாப்பிட்டேன், நான் ஃபெயில்” என்று கட்டிலில் குப்புற விழுந்து கதறினாள்.

தெருவில் தாய்மார்கள் கூடிப் பேசுவது பால்கனியில் கேட்டது. சார் வேலையிலிருந்து வந்தார், விஷயத்தைக் கேட்டார், சட்டையைக்கூட மாற்றாமல் மிட்டாய்க் கடைக்குப் போனார். அன்று வீடு வீடாக ஏறி இறங்கினார். எங்கள் வீட்டுக்கும் வந்தார்.

“சார், நாங்களும் தமிழ்க்காரங்கதானே. எங்களுக்கு எதுக்கு?”

“உங்க மக தின்னுருக்காளேம்மா. அவ அழுதா அழுகைதான?”

என் மகளைக் கூப்பிட்டு, தானே சரஸ்வதியிடம் பேசிவிட்டதாகவும், மிளகாய்ப்பொடி போட்ட பழம் கணக்கில் சேராது என்று தேவி சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நம்பினாள். மேலே தன் பால்கனியில் முரளி கம்பியைப் பிடித்துக்கொண்டு, அப்பா தெருவில் ஒவ்வொரு வாசலாகக் கைகூப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது அவனுக்குப் பதினொரு வயது இருக்கும்.

எனக்கு அவரிடம் கொஞ்சம் எரிச்சல் உண்டு. மறைப்பானேன்? இப்படியா ஒரு மனிதர் குனிந்துகொண்டே இருப்பது? ஒருநாள் கேட்டே விட்டேன்.

“தப்புப் பண்ணினவன் அவன். நீங்க ஏன் சார் அலையணும்?”

அவர் யோசிக்கவே இல்லை. “எம்மா, பிள்ளையைப் பெறுததுக்கு முன்னாடி அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டோமா, நீ வாரியாலேன்னு? கேக்காமக் கூட்டிட்டு வந்தவன்லா பதில் சொல்லணும்.”

அதன்பின் அந்தக் கேள்வியை அவரிடம் கேட்பதை விட்டுவிட்டேன்.

இந்த மனிதர்தான் ஒரு நாவலும் எழுதினார், அதுவும் விஞ்ஞானக் கதை. தென்கல்கத்தாவில் நாங்கள் கொஞ்சம் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பத்திரிகை நடத்தினோம். அங்கே தமிழ் அச்சுக் கோக்க ஆள் கிடைக்காது. என் கையெழுத்து பார்க்கும்படி இருக்கும் என்று எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, தைத்துக் கொடுப்பேன். அதனால் ஆசிரியர் பட்டமும் எனக்கே. சார் தன் முதல் அத்தியாயத்தைத் தயங்கித் தயங்கிக் கொடுத்தபோது, பக்திக் கட்டுரையாக இருக்கும் என்று நினைத்து வாங்கி வைத்தேன். அடுப்பில் சாதம் வைத்துவிட்டுப் படித்தேன். சாதம் குழைந்துவிட்டது.

கதை இதுதான். என்றோ வரப்போகும் ஒரு காலத்தில் ஆண்டியப்பன் என்று ஒரு விண்வெளிக் குமாஸ்தா. கழித்துப்போட்ட ராக்கெட் பாகங்களை வைத்து ஒரு இயந்திரப் பிள்ளையைச் செய்கிறார். பதிவு செய்யும் அதிகாரி, “இது செய்வதற்கெல்லாம் யார் பொறுப்பு?” என்று கேட்கிறார். “நான்தான்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு ஆண்டியப்பன் வெளியே வருகிறார். வாசலில் பிள்ளையும் இல்லை, நிறுத்தியிருந்த அரசாங்க ராக்கெட்டும் இல்லை. அவ்வளவுதான். பிள்ளை கிரகம் கிரகமாகப் போய் ஏதாவது செய்து வைக்கும். அப்பா ஒரு ஓட்டை விண்கலத்தில், டிபன் கேரியரோடு, பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்பார். ஒரு கிரகத்தின் வளையத்தைப் பிரித்துத் துணி காயப்போடக் கொடி கட்டியிருக்கும். இன்னொரு கிரகத்தில் மழைக்கு மரியாதை கற்றுக்கொடுத்திருக்கும். மழை ஒவ்வொருவரிடமும் “விழலாமா?” என்று அனுமதி கேட்டுக்கொண்டு அந்தரத்தில் நிற்கும், கீழே பயிர் வாடும். மன்னிப்புக் கேட்கும் முறையும் ஊருக்கு ஊர் வேறு. ஓரிடத்தில் தலைகீழாக நின்று கேட்க வேண்டும். ஓரிடத்தில் மன்னிப்பவர் கொட்டாவி விடும்வரை பாட வேண்டும். ஆண்டியப்பன் சளைக்க மாட்டார். எங்கு இறங்கினாலும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: “ஐயா, அது என் பையன்தான்.”

எங்கள் கூட்டத்தில் அதைப் படித்துச் சிரிக்காதவர் இல்லை. பத்திரிகை வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் பிரிப்பார்கள். சாரின் மனைவி மட்டும் என்னிடம், “எல்லாரும் கதைன்னு சிரிக்காங்க. நான் கூட இருந்து பாக்கேன்” என்றார்.

முரளியும் படித்தான். தட்டுத் தடுமாறித்தான் தமிழ் படிப்பான், இதற்காகவே படித்தான். சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரித்தவன், மீசை அரும்பியபின் சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

ஜாதவ்பூரில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அந்த விபத்து. மூன்றாவது வீட்டு ஷுபோ அவனுக்கு உயிர் நண்பன். எங்கள் தெரு அணியின் வேகப்பந்து வீச்சாளன். ஒரு மழைநாள் மத்தியானம் முரளி அப்பாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, ஷுபோவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, டாலிகஞ்ச் பக்கம் விரட்டியிருக்கிறான். ஈர டிராம் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கியது. முரளிக்குச் சிராய்ப்பு. ஷுபோவுக்கு முழங்கால் நொறுங்கிவிட்டது.

நானும் என் கணவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தாழ்வாரத்தில் ஷுபோவின் அப்பாவும் அம்மாவும் நின்றார்கள். சார் அவர்கள் முன்னால் போய்க் கைகூப்பினார். தன் பிழையில்லாத வங்காளத்தில், தனக்குத் தலைசுற்றல் வந்ததாகவும், அவசரமாக மருந்து வாங்கி வரச் சொல்லி முரளியைத் தானே விரட்டியதாகவும், ஷுபோவையும் துணைக்குப் போகச் சொன்னது தானே என்றும் சொன்னார். “தப்பு முழுக்க என்னுடையது” என்றார். ஷுபோவின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீங்க என்ன தாதா பண்ணுவீங்க, விதி” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பெஞ்சில் கட்டுப்போட்ட முழங்கையோடு உட்கார்ந்திருந்த முரளி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவனுடைய ஏதோ ஒன்றைக் கண்ணெதிரே பறித்துக்கொண்டது போல இருந்தது.

சாருக்குத் தலைசுற்றலும் இல்லை, ஒன்றும் இல்லை. அவர் அன்று வேலைக்குப் போயிருந்தார். ஸ்கூட்டர் சாவியைப் பையன் எடுக்கக்கூடாது என்று அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துவிட்டுத்தான் போயிருந்தார்.

நாலைந்து நாள் கழித்து மாடிப்படியில் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் சண்டைச் சத்தம் கேட்டது அதுதான் முதல்முறை.

“நீங்க என்னை அனுப்பவே இல்லையேப்பா. ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“சொன்னா என்னலே? அவங்க மன்னிச்சுட்டாங்கள்லா?”

“உங்களை மன்னிச்சாங்க. என்னை யாரு மன்னிச்சா? நான் இப்பப் போயி உண்மையைச் சொன்னா நீங்க பொய்யர் ஆயிருவீங்க. சொல்லாம ஷுபோ மூஞ்சியில நான் எப்படி முழிக்க?”

“அதான் உனக்காக நான் போயிட்டு வந்துட்டேனே...”

“எத்தனை காலத்துக்கு என்னை இடுப்புலயே வச்சிருப்பீங்க? எறக்கி விடுங்கப்பா!”

கதவு அடித்துச் சாத்தப்பட்டது. நான் கையில் கரண்டியோடு அப்படியே நின்றேன். பையன் சொன்னது நியாயம் என்று பட்டது. அந்த மனிதரை நினைத்தால் பாவமாகவும் இருந்தது.

ஷுபோ தேறி எழுந்தான், ஆனால் கால் நீட்டி மடக்க வரவில்லை. பந்து வீச்சு போயிற்று. முரளி அவனைப் பார்க்கப் போகவே இல்லை. ஷுபோ வீட்டைத் தாண்ட வேண்டாம் என்று பின்சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவான். படிப்பு முடிந்ததும் பெங்களூரில் வேலை கிடைத்தது, கிளம்பிவிட்டான். போன் செய்வான். சார் எடுத்தால், “அம்மாகிட்டக் குடுங்க” என்பான். அவரும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவார். அப்புறம் மனைவி பேசி முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்று, “குளிருக்குப் போத்திக்கிடுதானான்னு கேளு” என்று கிசுகிசுப்பாராம்.

நாவலும் அதோடு நின்றது. ஆண்டியப்பன் கடைசிக் கிரகத்துக்குப் புறப்பட்டுவிட்டார், போய்ச் சேரவில்லை. வாசகர்கள் என்னைப் பிடுங்கினார்கள், நான் சாரைப் பிடுங்கினேன்.

“கடைசி அத்தியாயம் என்ன சார் ஆச்சு?”

“அவரு போயி இறங்குதாரும்மா. அங்க என்ன சொல்லன்னு எனக்கே தெரியல.”

“வழக்கமாச் சொல்றதைச் சொல்லட்டும். அது என் பையன்தான்னு.”

“அது இனிமே செல்லாதும்மா” என்றார். சிரிக்கவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருக்கும். துர்கா பூஜைக்கு முரளி ஊருக்கு வந்திருந்தான். தேவியைக் கங்கையில் கரைத்துவிட்டு வந்தபின் பிஜோயா. தெரிந்தவர் வீட்டுக்கெல்லாம் போவார்கள். சின்னவர்கள் பெரியவர்கள் காலைத் தொடுவார்கள், பெரியவர்கள் இனிப்புக் கொடுப்பார்கள். மனக்கசப்பை அந்த நாளுக்கு அப்பால் கொண்டுபோவதில்லை என்பது அங்கத்திய வழக்கம். அன்று மத்தியானம் சாரின் மனைவி அவசரமாக இறங்கி வந்தார். “முரளி ஷுபோ வீட்டுக்குப் போறானாம். தனியா. உண்மையைச் சொல்லப் போறானாம். இவரு என்னடான்னா சட்டையை இஸ்திரி போட்டுக்கிட்டு நிக்காரு!”

சாயங்காலம் முரளி படி இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டு மணி அடித்தது. இஸ்திரி போட்ட சட்டை, நூல் கட்டிய பெட்டி, சார்.

“வரக்கூடாதுன்னுட்டாம்மா. நீங்க வந்தா நான் போகலைன்னுட்டான். மேல இருந்தா காலு நிக்க மாட்டேங்கு. இங்க செத்த இருந்துக்கிடுதேன்.”

“பெட்டி எதுக்கு?”

“பழக்கத்துல வாங்கிட்டேன்.”

நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பெட்டியை மடியில் வைத்து நூலை அவிழ்த்தார், கட்டினார். எங்கள் பால்கனியிலிருந்து ஷுபோ வீட்டு வாசல் விளக்கு தெரியும். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒருமுறை செருப்பையே மாட்டிவிட்டார். “சார், உக்காருங்க” என்று கொஞ்சம் அதட்டித்தான் சொன்னேன்.

“நீங்க சொன்னது பொய்யின்னு தெரிஞ்சிடும்னு பயமா?”

“எனக்கென்னம்மா, போற வயசு. அவங்க அவனை ஏதாவது ஏசிட்டா? பெத்தவங்கள்லா, ஆத்திரத்துல கை நீட்டிட்டா? வாங்கிக்கிட நான் அங்க இல்லையே.”

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இத்தனை வருஷம் அவர் தெருத் தெருவாகக் குனிந்ததைப் பார்த்து எரிச்சல்பட்டவள் நான். அதெல்லாம் அவருக்குச் சுலபமான வேலை என்று அன்றுதான் தெரிந்தது. இந்தச் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது. ஆனாலும் உட்கார்ந்திருந்தார்.

முரளி வந்தான். திறந்திருந்த கதவில் அப்பாவைப் பார்த்துவிட்டு நின்றான். கண் இரண்டும் சிவந்திருந்தன. சார் எழுந்தார். “என்ன...” என்று ஆரம்பித்தவர், எச்சிலை விழுங்கிக்கொண்டு, “என்னலே, சாப்பிட்டியா?” என்று முடித்தார்.

“ஷுபோ அம்மா தேங்காய் உருண்டை குடுத்தாங்க.”

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. முரளி குனிந்து அவர் காலைத் தொட்டான். “பிஜோயாப்பா” என்றான். அவர் என்ன செய்வது என்று தெரியாமல் பெட்டியைத் திறந்து ஒரு சந்தேஷை எடுத்து அவன் வாயில் திணித்தார். மிச்சத்தை நாங்கள் எல்லோரும் தின்றோம்.

அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, சாருக்கும் தெரியாது. மறுநாள் காலையில் ஷுபோ காலை இழுத்து இழுத்து மாடி ஏறினான். எதிரே வந்த சாரிடம் வங்காளத்தில், சித்தப்பா முறை வைத்து, “மேஷோ, நீங்க ரொம்ப நல்லாப் பொய் சொல்றீங்க” என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று முழுக்க மொட்டைமாடியில் இருவர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

அடுத்த வாரம் கடைசி அத்தியாயம் வந்தது. ஒரே பக்கம். ஆண்டியப்பன் கடைசிக் கிரகத்தில் இறங்கி, வழக்கமான வாக்கியத்தைத் தொடங்குகிறார். காவலாளி, “தெரியும். அவரே வந்து பேசிவிட்டுப் போய்விட்டார்” என்கிறார். “என்ன சொன்னான்?” “அதைப் பெற்றவர்களிடம் சொல்வதில்லை. உங்களுக்கு இங்கே வேலை ஒன்றும் இல்லை ஐயா.” ஆண்டியப்பன் விண்கலத்துக்குத் திரும்பி, டிபன் கேரியரைப் பிரித்துச் சாப்பிடுகிறார். சாப்பிடும்போதுதான் அந்த விண்கலத்தில் ஜன்னல் ஒன்று இருப்பதைப் பார்க்கிறார். அதோடு கதை முடிந்தது. பத்திரிகைக்காக அதை எழுதி முடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. முடிவில் சிரிப்பே இல்லை என்று வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். படட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஓய்வு பெற்றபின் அவர்கள் திருநெல்வேலிக்கே கிளம்பினார்கள். சாமான் ஏற்ற முரளி பெங்களூரிலிருந்து வந்திருந்தான். ஆட்கள் இரும்பு பீரோவை இறக்கும்போது, நகருங்கள் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் சார் அதன் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு, “எடதுபக்கம், எடதுபக்கம்” என்று இழுத்தார். பீரோ முனை மாடிப்படி ஜன்னலில் இடித்தது. வீட்டுக்காரர் தன் தகப்பனார் காலத்திலிருந்து காப்பாற்றி வந்த நீலக் கண்ணாடி சில்லுச் சில்லாகப் படியில் விழுந்தது.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். சார் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. அத்தனை வருஷமும் இன்னொருவனுக்காகவே கேட்டுப் பழகிய மனிதர், தனக்காக எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் கையைப் பிசைந்தார்.

மேலிருந்து முரளி இறங்கி வந்தான். கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். வீட்டுக்காரர் முன்னால் போய்க் கைகூப்பி, பிழையில்லாத வங்காளத்தில் சொன்னான்:

“ஐயா, அது எங்க அப்பாதான். நீங்க என்கிட்டச் சொல்லுங்க.”

சார் மெல்ல என் பக்கமாக நகர்ந்து வந்தார்.

“எம்மா, இப்ப நான் என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்ய வேணாம் சார். சும்மா நில்லுங்க.”

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பையனின் முதுகைப் பார்த்தபடி, சும்மா நின்றார்.